கொக்கு இறங்காத குளம்

தண்ணீரை இறைத்து மூன்று நாளாகியும் அந்தக் குளத்தில் ஒரு கொக்குகூட இறங்கவில்லை. வற்றிய குளம் என்றால் கொக்கும் பருந்தும் அடித்துக்கொண்டு வந்து விழும். இங்கே அவை கரையோர நாவல் மரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து, சிறகைக்கூட அசைக்காமல், சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தன.

அகல்யாவுக்கு அது உறுத்தியது. ஆனால் வேலை இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து நான்கு வருடமாக அவள் செய்யும் வேலை, இந்தப் பக்கத்து மீன்களைக் காப்பாற்றுவது. கடக்வாஸ்லா அணைக்கு அப்பால் இருக்கும் இந்தக் குளத்தில் யாரோ கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திகள் மற்ற எல்லா மீனையும் தின்று தீர்த்திருந்தன. அவற்றை ஒழித்துவிட்டால், தொட்டியில் வளரும் நானூறு மகசீர் மீன்குஞ்சுகளை இங்கே விடலாம். இருநூற்றுப் பன்னிரண்டு கெளுத்திகளை எடுத்தாகிவிட்டது. ஆனால் அந்த ஜாதி தண்ணீரே இல்லாவிட்டாலும் சேற்றுக்குள் புதைந்து, காற்றைக் குடித்து உயிரோடு கிடக்கும். போன வருடம் வேறொரு குளத்தில் ஒரே ஒரு ஜோடி மிஞ்சியதில் மொத்த உழைப்பும் பாழானது. இப்போது மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது; பெய்தால் குளம் மறுபடி நிறைந்துவிடும்.

"பஸ் ஜாலா மேடம், போதும்" என்று மராத்தி கலந்து சொன்னார் ஜம்புநாதன். புனேயின் கட்கிப் பகுதியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம்; அவளுடைய எல்லாக் குளங்களிலும் வலை போட்டவர். பறவைகள் இப்படி உட்கார்ந்து தான் பார்த்ததில்லை என்றும், காலையில் வெயில் வந்தபின் பார்க்கலாம் என்றும் சொன்னார். ஒரே ஒரு தடவை, நடுவில் மட்டும் பார்த்துவிடுங்கள் அண்ணா என்று அவள்தான் கெஞ்சினாள்.

பூட்ஸ் சிக்கிக்கொள்ளும் என்று வெறுங்காலோடு இறங்கினார். இடுப்பில் கயிறு, மறுமுனை அவள் கையில். அழுகிய இலையும் பழைய இரும்பும் கலந்த வாடை. அவர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் சேறு சப்புக்கொட்டியது.

நடுவில் நின்றார்.

"சேறு சூடா இருக்கு மேடம்."

சப்புக்கொட்டும் சத்தம் நிற்கவில்லை. அவர்தான் நின்றிருந்தார்.

இப்போது அது குளம் முழுக்கக் கேட்டது. சேற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள். திறந்தன. மூடின. எல்லாம் ஒரே நேரத்தில்.

"திரும்பி வாங்க அண்ணா."

"காலைப் பிடிச்சிருக்கு."

சேறுதான், மெதுவாக உருவுங்கள் என்றாள்.

"சேறு இல்ல. விரலை ஒண்ணொண்ணாத் தடவிப் பாக்குது. கெளுத்தி மீசை மாதிரி. ஆனா பெருசு."

அவள் இழுத்தாள். குதிகாலைக் கரையில் ஊன்றி, உள்ளங்கை உரிய இழுத்தாள். அவர் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. முழங்கால்வரை இருந்த சேறு இடுப்புக்கு வந்தது. அவர் திமிறவில்லை. கத்தவில்லை. அவளை மட்டும் பார்த்தார்.

"இழுக்காதீங்க. நீங்க இழுக்கறது அதுக்குத் தெரியுது."

மார்பு. கழுத்து. அப்புறம் சேறு மட்டும்.

அகல்யா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான்தான் இறக்கினேன். நான்தான்.

கயிறு விறைத்தது. மறுமுனையிலிருந்து ஒரு சுண்டு. மெதுவாக. யார் என்று கேட்பதுபோல.

பிறகு இன்னொன்று.

கயிற்றை விட நினைத்தாள். விரல்கள் விரியவில்லை.

கயிறு தளர்ந்து சேற்றின்மேல் கிடந்தது. அதைத் தடவிக்கொண்டே மீசை ஒன்று வந்தது. கறுப்பாக. அவள் மணிக்கட்டுக் கனத்தில். நுனி மட்டும் மெலிந்து, வழியைத் தேடிக்கொண்டு. பக்கத்தில் இன்னொன்று. இடது கரையில் ஒன்று. வலது கரையில் ஒன்று.

அவற்றுக்கு நடுவே சேறு மெல்லப் பிளந்து, வாய் திறந்தது.

குளத்தின் அகலத்துக்கு.