தளர்த்தாத வார்

எழுந்ததும் கமலவேணி விலாவைத் தடவிப் பார்த்தாள். முதுகு வலிக்காக அவள் அணியும் பிளாஸ்டிக் கூட்டின் வார், ராத்திரி அவள் மாட்டிய துளையைவிட ஒரு துளை உள்ளே தள்ளி, இறுக்கமாக மாட்டியிருந்தது.

தூக்கத்தில் கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், வேறென்ன நினைப்பாள்.

வயசுக்கு வந்த நாளிலிருந்தே வளைந்த முதுகு. நாற்பதைத் தாண்டியதும் இடுப்பில் அரிவாளைச் சொருகித் திருகுவதுபோல வலி பிடித்துக்கொண்டது. குழித்தறியில் காலை இறக்கி ஒரு முழம் நெய்வதற்குள் கண் இருட்டும். "நீ உக்காந்தா பட்டும் உன்னாட்டமே கோணிக்குது" என்பாள் மாமியார் காமாட்சியம்மாள். கமலவேணியின் இடத்தில் தன் தங்கை மகள் அம்சவேணியை உட்காரவைக்கப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. பட்டு நெசவே பிழைப்பான பிள்ளையார்பாளையத்தில் தறியில் இடம் போனால் வீட்டிலும் போன மாதிரிதான். அந்தப் பயத்தில் சென்னைக்குப் போய், உடம்போடு மாவுக்கட்டுப் போட்டு அளவெடுத்து, அந்த வெள்ளை பிளாஸ்டிக் கூட்டைச் செய்து வாங்கிவந்தாள். வளைவு நிமிராது, வலிதான் குறையும், உட்கார்ந்து வேலை செய்யும்போது மட்டும் போடு, படுக்கையில் கழற்றிவிடு என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வலி குறைந்தது. கூடு முதுகைத் தாங்கிப் பிடித்த முதல் நாள் அவள் அழுதேவிட்டாள். அப்புறம் எப்படிக் கழற்றுவாள்? தறியை விட்டு எழும்போதெல்லாம் இழை அறாமலிருக்க, நீளவாக்கில் கட்டிய பாவு நூலைத் தளர்த்திவிட்டு எழுகிறவள், தன் வாரை மட்டும் தளர்த்தவில்லை.

அன்று அமாவாசை. தெருவில் ஒரு தறியும் ஓடாது. மாமியாரும் கணவன் வேலாயுதமும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். மத்தியானமே வானம் இருட்டி மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போயிற்று. ஈரச் சுவரின் வாடையும் சாயப் பட்டின் வாடையும் கலந்து மூச்சில் ஏற, உள்ளறைப் பாயில் சாய்ந்தவளுக்குத் தறிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பாவுக் கயிற்றை யாரோ நிதானமாக இழுத்து இறுக்குவதுபோல ஒரு கிறீச்.

கூடவே வார் ஒரு துளை உள்ளே போனது.

மூச்சு பாதியில் நின்றது. பக்கிளைத் தேடினாள். மறுபடி கிறீச். இன்னொரு துளை. நகம் பிய்ந்தது.

"விட்டுடு" என்றாள், யாரிடம் என்று தெரியாமல். "இனிமே தளர்த்திடறேன். தெனமும் தளர்த்திடறேன்."

கிறீச்.

பிறகு கூடு தானாகவே திறந்துகொண்டது. பாவிலிருந்து இழையை உருவுவதுபோல அவள் முதுகுத்தண்டை உருவிக்கொண்டு, அவள் புடவையையும் சுற்றிக்கொண்டு, எழுந்து போனது.

வலி இல்லை. எதுவுமே இல்லை. பாயில் கிடந்தாள். தொளதொளவென்று, பிரித்துப் போட்ட துணியாக. கதவு வழியே தறி தெரிந்தது. மிதி அழுந்தியது. ஊடிழை கோத்த நாடா குறுக்கே ஓடியது.

வாசலில் செருப்புச் சத்தம். வேலாயுதம்.

"இன்னா கமலா, அமாவாசை அதுவுமா தறியில உக்காந்துக்கினு இருக்கிற?"

கூப்பிட்டாள். உதடு அசைந்தது. குரல் இல்லை.

அவன் தறியருகே குனிந்தான். அங்கே உட்கார்ந்திருந்ததன் தலை இருட்டில் இருந்தது. பலகை போல நிமிர்ந்த அந்த முதுகை ஆசையாகத் தடவிக்கொடுத்தான்.

"நேராயிடுச்சேமா."

அது திரும்பவில்லை. அவன் கைக்கடியில், வார் இன்னொரு துளை உள்ளே போயிற்று.