ஒற்றை மேஸ்

பகல் இரண்டு மணி தாண்டி, குசினியில் குந்தியிருந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஸபீனாவுக்கு, வீட்டின் நடு அறையிலிருந்து அந்த மணி கேட்டது. ஒரேயொரு தடவை. டிங்.

கற்பிட்டியில் கச்சான் காற்று கதவு யன்னலையெல்லாம் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகும் காலம் அது. தென்னோலை உரசும் சத்தம், கூரை ஓடு நகரும் சத்தம், கடற்கரையில் காயும் கருவாட்டு வாடையைத் தூக்கிவந்து யன்னல் சீலையில் அப்பிவிட்டுப் போகும் காற்றின் சத்தம் எல்லாவற்றுக்கும் அவளுடைய காது பழகியிருந்தது. இந்த மணிக்கும்தான் பழகியிருந்தது, வேலையில் வந்த ஏழு வருடப் பழக்கம். ஆனால் இது விமானத்துக்குள் கேட்கிற சத்தம். பெல்ட் போடச் சொல்லித் தலைக்கு மேலே விளக்கு எரியும்போது அடிக்கிற மணி. ஓட்டு வீட்டில் அதற்கு என்ன வேலை?

கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கூரை வளையில் கட்டிய சீலை ஏணையில் மகள் நப்லா தூங்கிக்கொண்டிருந்தாள். பிறந்து முப்பத்தெட்டு நாள். ஏணைக்குப் பக்கத்தில் பிரம்புக் கதிரை. வேறொன்றும் இல்லை.

முந்தலில் இறால் பண்ணையில் வேலை செய்யும் கணவன் மர்ஸூக்குக்கு ஃபோன் எடுத்தாள்.

"பிளேன்ல அடிக்கிற மணி கேட்டுச்சு. வீட்டுக்குள்ள."

"உன்ட ஃபோனா இருக்கும்."

"என்ட ஃபோன் குசினியில என்ட பக்கத்தில இருந்திச்சு. இது அதில்ல."

"புள்ள நித்திரையா?"

"ஓம்."

"எழுப்பாத. ரா முழுக்கக் கத்தினது, பாவம். நான் அஸர் தொழுகைக்கு முந்தி வாறேன்."

எழுப்பாதே. அன்றைக்கு விமானத்தில் அவளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது அதைத்தான்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்த குடும்பத்தில், ஆகாயத்தில் வேலை பார்த்த முதல் பெண் ஸபீனா. அந்த வேலையின் பவிசு ஊருக்குத் தெரியும். அது பிடுங்கிக்கொண்டது அவளுக்குத்தான் தெரியும். காது அடைத்துச் சீழ் வடிந்திருக்கிறது, கொதி கோப்பி கையில் கொட்டியிருக்கிறது, சாப்பாட்டு வண்டி இடித்து இடுப்புப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்திருக்கிறாள். அதையெல்லாம் தாங்கினாள். தாங்க முடியாமல் போனது முப்பத்தொன்று சி.

பயணிகளை இருக்கை எண்ணால்தான் பணிப்பெண்களுக்கு ஞாபகம் இருக்கும். முப்பத்தொன்று சி, குவைத்திலிருந்து எலுவன்குளத்துக்குத் திரும்பிய பெண். ஐந்து மாதக் குழந்தையை, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த தொட்டிலில் கிடத்தியிருந்தாள்.

"தங்கச்சி, ரெண்டு நாளாக் கண் மூடல்ல. புள்ளையக் கொஞ்சம் பாத்துக்கொள்வீங்களா?"

"நீங்க படுங்க ராத்தா. நான் பாக்கிறேன்."

குழந்தையின் காலிலிருந்து கழன்று விழுந்த மஞ்சள் காலுறையை, அந்த ஒற்றை மேஸை, தாய் எழும்பியதும் கொடுப்போம் என்று ஸபீனா சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். அப்போது மணி அடித்தது. பெல்ட் விளக்கு எரிந்தால் தாயை எழுப்பி, குழந்தையை மடிக்கு மாற்றச் சொல்லவேண்டும். அதுதான் சட்டம். வாயைத் திறந்தபடி தூங்கிய அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் தூங்கட்டும், பாவம்.

பத்து நிமிடத்தில் இரண்டாவது மணி. பணிப்பெண்கள் உடனே உட்காரவேண்டும் என்று விமானியின் குரல். தன்னுடைய மடிப்பு இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டினாள். தொட்டில் கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால்தான் இருந்தது. அவள் கையை நீட்டிய நொடியில் விமானம் ஆகாயத்திலேயே சட்டென்று பல அடி கீழே விழுந்தது. குழந்தை மேலே போனது.

குழந்தையின் சாவை விசாரித்தவர்கள் அவள்மேல் பிழை இல்லை என்றார்கள். முதல் மணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டாள். அந்த மேஸ் மட்டும் அலுமாரியில், கலியாணச் சீலைக்கு அடியில் கிடந்தது. மர்ஸூக்குக்கும் அது தெரியாது.

ஃபோனை வைத்தபோது ஸபீனாவின் காது அடைத்தது. எச்சிலை விழுங்கினாள். மறுபடி அடைத்தது. வெளியே தென்னோலைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் காற்றின் சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகச் சுவருக்குள்ளிருந்து ஓர் இரைச்சல், ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக. கருவாட்டு வாடை போய், கருகிய கோப்பியின் மணம் வந்தது. கால் விரல்கள் குளிர்ந்தன.

இரைச்சலுக்குள் இன்னொரு சத்தம்.

மூச்சு. மிகவும் களைத்த ஒரு பெண், வாயைத் திறந்து தூங்கும் மூச்சு.

கதிரையிலிருந்து வந்தது. கதிரையில் யாரும் இல்லை. ஆனால் பிரம்பு, ஆள் இருக்கும்போது பதிவதைப்போல, நடுவில் பதிந்திருந்தது.

மணிக்கூட்டைப் பார்த்தாள். முதல் மணி அடித்து ஒன்பது நிமிடம்.

யா அல்லாஹ். ஒன்பது.

ஓடினாள். குசினி வாசலிலிருந்து ஆறு எட்டு வைக்கிற தூரம்தான். நிலம் சரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இருட்டிக்கொண்டு வந்தது, பட்டப்பகலில். அந்த மூச்சு காதோரம். ஏணைச் சீலையை விலக்கினாள். கையை விட்டாள். பிள்ளை கையில் பட்டது.

டிங்.

வாரி எடுத்தாள். சுவரோடு முதுகை ஒட்டி, பாதம் நிலத்தில் பதிய, பழகியபடி உட்கார்ந்தாள். பிள்ளையை நெஞ்சோடு இறுக்கினாள். கண்ணை மூடினாள்.

வீடு விழுந்தது.

குசினியில் சட்டி பானை எல்லாம் கூரையில் மோதின. பிறகு ஒரே அமைதி.

அவள் விடவில்லை. இந்தத் தடவை விடவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "எடுத்திட்டேன் ராத்தா," என்றாள். "புள்ளைய எடுத்திட்டேன்."

கதிரையில் மூச்சு நின்றது. தூங்கியவள் விழித்துக்கொண்டாள்.

ஸபீனா குனிந்து, நெஞ்சோடு கிடந்த பிள்ளையின் பாதத்தை முத்தமிட்டாள். பாதம் குளிர்ந்திருந்தது. நப்லாவின் பாதத்தைவிடப் பெரிது. வெறும் பாதம். மற்றக் காலில் மஞ்சள் மேஸ்.

அப்போதுதான் நப்லா அழுதாள்.

மேலேயிருந்து.

ஸபீனா நிமிர்ந்தாள். கூரை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது ஏணை. அதன் கயிறு தொய்ந்து கீழே தொங்கியது. சீலைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டு, உம்மாவைத் தேடி விரல்களை மடக்கி மடக்கி விரித்தது. எழும்பி ஓடவேண்டும் அவளுக்கு. கையில் கிடந்ததை இறக்கி வைக்கவேண்டும். அது தன் குளிர்ந்த விரல்களால் அவளுடைய சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு முயன்றும் அதை இறுக்கியிருந்த அவளுடைய கைகளும் அவிழவில்லை.