காற்றாடித் திரளில் ஒரு கறை

பின்னிலாவில் சூரியன் மறைந்தால் இரண்டு வாரத்துக்குத் திரும்பாது. அந்த இருட்டில்தான் பள்ளிக்கூடம் நடக்கும், கடை திறக்கும், கல்யாணமும் நடக்கும். நிலவின் பின்பக்கத்தில் இருக்கும் குடியிருப்பு அது. அங்கே காற்றும் கிடையாது, பூமியின் வெளிச்சமும் எட்டாது. அதனால் இருட்டு தொடங்கியதும் வற்றல் காயப்போடுவது போல ஆளுக்கொரு கேமராவைக் கூரையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். திரும்பி வரும்போது, கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் சுழலும் விண்மீன் திரள் ஒன்று திரையில் தயாராக இருக்கும்.

படத்தைத் தயாரித்துத் தருவது கேமராவுக்குள் இருக்கும் தெளிவி என்ற சில்லு. வானத்தின் விண்மீன் பட்டியல் முழுவதும் அதற்கு மனப்பாடம். நடுக்கம், தூசி, விண்கலம் கிழித்த கோடு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அங்கே என்ன இருக்க வேண்டுமோ அதை மட்டும் விட்டுவைக்கும்.

பின்னிலா வான்பட மன்றத்தின் சோதகர் அருமைநாயகம். போலிப் படங்களைப் பிடிப்பது அவர் பொறுப்பு. அவர் அதற்கென்றே பிறந்தவர். குழம்பு ருசியாக இருந்தாலே, எந்தக் கடையில் வாங்கியது என்று மனைவி வடிவிடம் விசாரிப்பார்.

அவருடைய சகலை பொன்னுரங்கம், வடிவின் தங்கையைக் கட்டியவர். நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேதியியலாளர். அவருக்கு மட்டும் ஒரு விபரீத ஆசை. பழைய காலத்து ஃபிலிமைத் தானே செய்து படம் எடுப்பார். ஃபிலிம் காலத்தில் பூமியின் வான்பட ஆர்வலர்கள் மலையுச்சிக் குளிரில் தொலைநோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு, ஒரு நட்சத்திரம் குறுக்குக் கம்பியை விட்டு நகராமல் மணிக்கணக்கில் கையால் திருகிக்கொண்டே இருப்பார்களாம். மங்கலான ஒளியைப் பார்த்துப் பார்த்து ஃபிலிமும் அசந்துபோகும் என்பதால் அதைக் குளிரவைப்பார்களாம். கடைசியில் கழுவிப் பார்த்தால் வெறும் கோடுதான் விழுந்திருக்கும். அப்புறம் டிஜிட்டல் கேமரா வந்தது. நூறு படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழகாக்கினார்கள். அடுத்து வந்த தெளிவிக்கு ஆளே தேவைப்படவில்லை.

ஓர் இருட்டுக்காலத்தின் நடுவில் பொன்னுரங்கம் மன்றத்துக்குக் கொடுத்த படம், காற்றாடித் திரள் என்ற விண்மீன் திரள். கறுப்பு வெள்ளை. சுருள் கரங்களில் ஒன்றின் நுனியில் பளிச்சென்று ஒரு புள்ளி. மற்ற உறுப்பினர்களின் படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தார் அருமைநாயகம். ஒன்றில்கூட அது இல்லை.

"சகலை, இது என்ன?"

"நட்சத்திரம்."

"பட்டியல்ல இல்லையே."

"வானத்துல இருக்கு. பட்டியல்ல இல்லைன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

இந்தத் தெனாவட்டான பதிலே அவர் சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. நெகட்டிவில் ஒரு சொட்டு மை வைத்தால் அச்சில் வெள்ளைப் புள்ளியாக விழும். நெகட்டிவை வாங்கி உருப்பெருக்கியில் பார்த்தார். மை இல்லை, வெள்ளித் துகள்கள்தான் திரண்டிருந்தன. அப்படியானால் வேறொரு நட்சத்திரத்தை அதே ஃபிலிமில் இரண்டாவது தடவை விழவைத்திருக்க வேண்டும். போன வருஷமும் இந்த ஆள் பரிசு கிடைக்காமல் முறைத்துக்கொண்டு போனவர்தானே?

"நம்பலைன்னா வந்து கண்ணை வச்சுப் பாருங்க" என்றார் பொன்னுரங்கம். "என் தொலைநோக்கியில கண் வச்சுப் பார்க்கற வில்லை இன்னும் இருக்கு."

"மன்ற விதிப்படி கண் ஒரு கருவியே இல்ல, சகலை."

போலி என்று தீர்மானமானால் கூரையில் பொன்னுரங்கத்துக்கு உள்ள இடத்தை எடுத்துவிடுவார்கள். பின்னிலாவில் வானத்துக்கு வேறு வாசல் கிடையாது. வீட்டில் தங்கை அழுதுகொண்டிருப்பதாக வடிவு சொன்னாள். "போய்ப் பார்த்தா உங்க கண்ணு தேய்ஞ்சா போயிரும்?"

கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்ற எண்ணத்தில்தான் அருமைநாயகம் போனார். கூரையறையில், சுவரைத் துளைத்து உள்ளே நீண்டிருந்த குழாயில் கண்ணை வைத்தார். முதலில் ஏமாற்றமாக இருந்தது. காற்றாடியும் இல்லை, வண்ணமும் இல்லை. சாம்பிராணிப் புகை மாதிரி ஏதோ ஒன்று. அந்தப் புகையின் ஓரத்தில் ஒரு புள்ளி, ஊசிமுனை போல. வில்லையைத் துடைத்தார். கழற்றித் திருப்பி மாட்டினார். குழாயைக் கொஞ்சம் நகர்த்தினார். புள்ளி புகையை விட்டு அசையவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எங்கோ ஒரு சூரியன் வெடித்துச் செத்திருக்கிறது. அந்த வெளிச்சம் கோடிக்கணக்கான வருஷம் நடந்து வந்து இப்போது தன் கண்ணில் விழுகிறது.

வீட்டுக்கு ஓடி வந்து தன் கேமராவைக் கேட்டார்.

"காற்றாடித் திரள்ல, இந்தக் கரத்தோட நுனியில என்ன இருந்தது?"

"ஒரு கறை இருந்தது. துடைத்துவிட்டேன்" என்றது கேமரா பணிவாக.

எல்லா வீட்டுக் கேமராவும் அதையே சொன்னது. அருமைநாயகம் தெளிவியைச் செய்யும் நிறுவனத்துக்கு எழுதினார். அவர்கள் நன்றி சொல்லி, அந்த நட்சத்திரத்தைப் பட்டியலில் சேர்த்தார்கள். மறுநாள் பின்னிலாவின் எல்லாப் படத்திலும், பழைய படங்கள் உட்பட, அது நான்கு கதிர் வீசி நீலமாக ஜொலித்தது. நான்தான் முதலில் எடுத்தேன் என்று தெருவுக்குத் தெரு சண்டை. இருந்தாலும் பொன்னுரங்கத்தின் இடம் தப்பியது. சகலைகள் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

வெடித்த விண்மீன் வெகுநாள் எரியாது. அடுத்தடுத்த இருட்டுக்காலங்களில் மங்கி மங்கி, ஒருநாள் அணைந்துபோனது. பொன்னுரங்கம் காற்றாடித் திரளை மறுபடி ஃபிலிமில் எடுத்து மன்றத்தில் கொடுத்தார். அதில் கரத்தின் நுனி காலியாக இருந்தது. மற்ற எல்லோருடைய புதுப் படங்களிலும் நட்சத்திரம் நான்கு கதிரோடு எரிந்துகொண்டிருந்தது.

"நட்சத்திரத்தை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் மன்றத் தலைவி திலகவதி.

"அது அணைஞ்சு போச்சும்மா."

"எங்க படத்துல எல்லாம் இருக்கே! அன்னிக்குச் சேர்த்தது நீங்க, இன்னிக்கு அழிச்சதும் நீங்களா?"

அருமைநாயகம் எழுந்தார். "நான் பார்த்தேன். அது இப்ப அங்க இல்ல."

"உங்க சகலைக்கு நீங்கதானே பேசுவீங்க" என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் தன்னைப் பார்த்த பார்வை அவருக்குப் புதிதல்ல. இதுவரை அப்படிப் பார்த்தது அவர்தான், அவ்வளவே.

"அப்ப எல்லாரும் வாங்க. நீங்களே பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

வந்தார்கள். கூரையறையிலிருந்து படிக்கட்டின் அடிவரை வரிசை நின்றது. பொன்னுரங்கம் தொலைநோக்கியைத் திருப்பி நிறுத்தி, வில்லையைப் பட்டுத்துணியால் துடைத்துவிட்டு ஒதுங்கினார். முதலில் திலகவதி வந்தார். இடுப்பிலிருந்து கைக்கேமராவை எடுத்து வில்லையின்மேல் வைத்து, ஒரு சொடுக்கு. திரையைப் பார்த்தார். நீலமாக, நான்கு கதிரோடு.

"இருக்கே!"

"அம்மா, கண்ணை வச்சு..." என்று ஆரம்பித்தார் அருமைநாயகம். அதற்குள் அடுத்தவர் கேமராவை நீட்டிவிட்டார். அவருக்கும் இருந்தது. அவருக்கு அடுத்தவருக்கும் இருந்தது. சிலர் தொலைநோக்கியோடு தங்களையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். இறங்கிப் போகும்போது ஒவ்வொருவரும் சகலைகள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வரிசை முடியும்வரை அந்த வில்லையில் ஒருவரும் கண் வைக்கவில்லை.