பழைய மாமூல்

'பாம்ம்ம்ம்ம்...!'

ஹாரன் நிற்கவே இல்லை.

எண்ணூர் ரோட்டில் உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று, புளியமரத்தில் முகத்தை இடித்துக்கொண்டு நின்றது. உள்ளே டிரைவர் குமாரவேல் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி கவிழ்ந்து கிடந்தான். அவன் மார்பு ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது.

கண்கள் அகலத் திறந்திருந்தன. உயிர்தான் இல்லை!

திருவொற்றியூர் சப்-இன்ஸ்பெக்டர் ராமதாஸ் சைக்கிளை விட்டு இறங்கினார். காக்கி டிராயரை இழுத்துவிட்டுக்கொண்டார். காதைப் பொத்திக்கொண்டார்.

"யோவ் ஏட்டு! முதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்துய்யா. செத்தவன் எழுந்து உட்கார்ந்து நம்மளைத் திட்டப் போறான்!"

ஏட்டு நீலமேகம் பிணத்தை நிமிர்த்தினார். ஹாரன் ஓய்ந்தது.

அடுத்த விநாடியே இன்னொரு சத்தம் ஆரம்பித்தது.

"ஐயோ... என் ராசா...!"

குமாரவேலின் மனைவி மலர்க்கொடி. மீன் விற்கக் கிளம்பியவள், கூடையை நடுரோட்டில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். சங்கரா மீன்கள் சிதறின. பொறுக்க ஒரு கூட்டம் தயாராக இருந்தது. செத்தவனைப் பார்க்க வந்த அதே கூட்டம்தான்!

பின்னாலேயே ஒரு மோட்டார் வந்து நின்றது. லாரி முதலாளி மாரியப்பன் குதித்து இறங்கினான். கோவைப்பழமாகச் சிவந்த கண்கள். முழங்கையைச் சொறிந்தபடியே விரலை நீட்டினான்.

"அய்யா! இவதாங்க! நேத்து சாயங்காலம் தெருவே கேக்கறா மாதிரி 'செத்துத் தொலை'ன்னு கத்தினா. காலைல இவ குட்த்த டீயைக் குடிச்சிட்டுதான் வண்டி எடுத்தான். டீயிலதாங்க விசம்!"

ராமதாஸ் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். சீட்டின் மேல் ஒரு தூக்குச் சட்டி. அடியில் கொஞ்சம் டீ. பக்கத்தில் ஒரு சின்னப் புட்டி.

"பரவாயில்லையே! கேஸையும் கொடுத்து, தீர்ப்பையும் கையோட எழுதிட்டு வந்துட்டீங்க. நாங்க எதுக்கு, வெயில்ல நின்னு வியர்க்கவா?"

"அய்யா களைச்சுப் போயிருக்கீங்க. உங்க மாமூல்..."

"அதை விட்டு ஒரு வருஷம் ஆச்சுய்யா."

உண்மைதான். வயிற்று வலி தீர்ந்தால் கையை நீட்டுவதில்லை என்று வடிவுடையம்மனிடம் வேண்டிக்கொண்டார். வலி தீர்ந்தது. அம்மன் இப்படி ஏமாற்றுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை!

* * *

ஸ்டேஷனில் மலர்க்கொடி சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் கட்டிவிட்டது.

"ஏம்மா, 'செத்துத் தொலை'ன்னு சொன்னியா?"

"சொன்னேன் சார். தெனம் ஒரு தபா சொல்வேன். அதுக்குன்னு ஒரு மனுசன் நெசமாவே சாவானா?"

"நேத்து எதுக்குச் சொன்னே?"

"அந்தப் பட்டாள மாத்திரைக்குதான் சார்!"

ராமதாஸுக்குப் புரிந்தது. மகாயுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரன் போய்விட்டான். அவன் தூங்காமல் இருக்கத் தின்ற மாத்திரைகள் மட்டும் டப்பா டப்பாவாக இங்கேயே தங்கிவிட்டன. கள்ளுக்கடையை மூடிய சர்க்காருக்கு, லாரி ஷெட்டில் பொட்டுக்கடலை போல் விநியோகமான இந்தச் சமாசாரம் கண்ணில் படவில்லை.

"மொதல்ல ஒண்ணு போட்டான் சார். ராவெல்லாம் முழிச்சிகினு ஜோரா வண்டி ஓட்டனான். அப்பறம் ஒண்ணு பத்தல. ரெண்டு, நாலு... கடைசில கையால அள்ளித் துன்னான். அப்பக்கூடத் தூக்கம் வந்துகினே இருந்துச்சி! ஆடி பொறந்ததும் கெங்கையம்மனுக்குத் தீ மிதிக்கக் காப்பு கட்டனான். கையில காப்பு கீது, மாத்திரையத் தொடக்கூடாதுல்ல? மாசம் பூரா தொடல சார். மொதல்ல சும்மா தூங்கிகினே கெடந்தான். அப்பறம் தெளிஞ்சிட்டான். குழந்தையத் தூக்கிகினு கடலாண்ட போனான் சார்! எனக்கு என் புருசன் திரும்பக் கெடச்சான்..."

"அப்புறம்?"

"நேத்து காப்பு அவுத்தாங்க. ஒடனே மொதலாளி ஆள் அனுப்பிட்டான், ரெண்டு நடை ஓட்டணும்னு. 'மறுபடி அதத் துன்னப் போறியா, செத்துத் தொலை'ன்னேன். நான் இன்னாத்துக்கு சார் அவனுக்கு விசம் வெக்கறேன்? என்னைத் தூக்குல போட்டுட்டா என் குழந்தைய யார் சார் பார்ப்பாங்க?"

ராமதாஸ் நக்கலை விட்டுவிட்டு, தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார். அது அவருக்கே அதிசயமாக இருந்தது.

வாசலில் காத்திருந்த மாரியப்பனைக் கூப்பிட்டார்.

"இன்னிக்குக் காலைல மாத்திரை கொடுத்தியா?"

"குட்த்தேங்க. இல்லேங்கல. மாமூலா குடுக்கறதத்தான் குட்த்தேன். ஆனி மாசம் எவ்ளோ துன்னானோ, அதே அளவு!" மாரியப்பன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒரு காக்கைதான் இருந்தது. "நீங்களே யோசிங்கய்யா. அந்த அளவுல சாவறதா இருந்தா ஆனியிலேயே செத்திருப்பான்ல? ஆனியில கொல்லாத மாத்திரை ஆவணியில எப்பிடிங்க கொல்லும்? டீதாங்க!"

ஏட்டு தலையாட்டினார். "நியாயமாத்தான் சார் பேசறாரு."

"அதான்யா எனக்குப் பயமா இருக்கு."

* * *

பிரேதப் பரிசோதனையை முடித்த டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே வந்தார்.

"டீயில பால் இருக்கு, சர்க்கரை இருக்கு. விஷம் இல்லை. வயித்துல பாதி கரைஞ்ச மாத்திரைங்க. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு."

"ஆனா டாக்டர், போன மாசத்துக்கு முந்தி இதே அளவு தின்னுட்டு குத்துக்கல்லு மாதிரி இருந்திருக்கானே?"

டாக்டர் சிரித்தார். "ராமதாஸ், உமக்குக் கல்யாணம் ஆன புதுசுல மாமியார் வீட்டுல என்ன போட்டா?"

"கறி, மீன், வடை, பாயசம்..."

"ஒரு மாசம் அங்கேயே டேரா போட்டப்புறம்?"

"பழைய சோறு. அதையும் நானே போட்டுக்கிட்டேன்."

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சும்மாவா சொன்னா? உடம்பும் மாமியார்தான். புதுசா வர்ற மருந்துக்குத் தடபுடல் பண்ணும். தினமும் வந்தா பழகிடும், அலட்சியம் பண்ணும். அதே வேலை நடக்க மருந்தோட அளவைக் கூட்டணும். திடீர்னு நிறுத்திட்டா, உடம்பு அந்தப் பழக்கத்தை மறந்துடும். அப்போ பழைய அளவை ஒரேயடியா உள்ளே தள்ளினா...?"

"மறுபடியும் தலைதீபாவளி!"

"வெடி மட்டும் மண்டைக்குள்ளே. இன்னொரு விசேஷம் கேளும். தினமும் தின்னா எல்லாமே மங்கிடாது. முழிப்பு குறைஞ்சுண்டே போகும். ஆனா சந்தேகம் மட்டும் நாளுக்கு நாள் கூடும். நாலு பேர் நின்னு பேசினா தன்னைப் பத்தின்னு தோணும். யாரோ பின்னாலேயே வர்றாப்பல இருக்கும். தோலைச் சொறிஞ்சுண்டே இருப்பான்."

ராமதாஸ் தொப்பியைக் கழற்றினார்.

சொறிந்த முழங்கை... சிவந்த கண்... ஜன்னலில் காக்கை!

"டாக்டர், தெரியாம கொடுத்தா விபத்து. தெரிஞ்சே கொடுத்தா கொலை. மாரியப்பனுக்குத் தெரியும்னு எப்படி நிரூபிக்கறது?"

"அது உம்ம பாடு. நான் செத்தவாகிட்ட மட்டும்தான் கேள்வி கேப்பேன்."

* * *

மாரியப்பனின் லாரி ஷெட். ஜன்னல்களுக்கெல்லாம் கோணி கட்டியிருந்தது.

ராமதாஸ் பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்தார். ஏட்டு கோலி சோடாவோடு நின்றார்.

"டீதான்யா காரணம். கேஸ் முடிஞ்சுது."

மாரியப்பனின் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே!"

"உன்கிட்ட மட்டும் சொல்றேன். சண்டைக் காலத்துல நானும் இந்த மாத்திரைக்கு அடிமை. கைநிறையப் போடுவேன். விட்டு ரொம்ப வருஷமாச்சு. இன்னிக்கு ராத்திரி ரோந்து. உடம்பு அசத்துது." குமாரவேலின் லாரியில் எடுத்த புட்டியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தார். "ஏட்டு, சோடாவை உடைய்யா."

'டப்!'

மாரியப்பன் ஓரடி முன்னால் வந்தான்.

"அய்யா... ஒண்ணு போட்டாப் போதுமேங்க?"

"ஒண்ணு எந்த மூலைக்குய்யா? எனக்கு மாமூல் இவ்வளவுதான்."

கை வாயருகே போனது.

மாரியப்பன் வாசலைப் பார்த்தான். ரெண்டு கான்ஸ்டபிள்கள். தன் ஷெட்டில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் பிணமாக விழுந்தால்...!

கை வாய்க்குள் நுழைந்தது.

"வேணாங்க!" பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான். "உட்டுட்டுத் திரும்பப் போட்டா பழைய மாமூல் ஆளையே தூக்கிடும்ங்க! போன வருசம் என் டிரைவர் ஒருத்தன் காமாலையில படுத்து எழுந்து வந்து போட்டான். என் கண்ணு முன்னாலயே வாயில நுரை தள்ளிட்டான்! தப்பிச்சதே பெரிசு..."

நிறுத்தினான். லேட்!

ராமதாஸ் கையை இறக்கி, மாத்திரைகளைப் புட்டிக்குள் திருப்பிக் கொட்டினார்.

"ஆக, ஆனியில கொல்லாத மாத்திரை ஆவணியில எப்படிக் கொல்லும்னு உனக்குத் தெரியும். எனக்குச் சொன்னே. குமாரவேலுக்கு ஏன்யா சொல்லலை?"

மாரியப்பன் வெடித்தான்.

"அவன் காட்டிக் குடுத்தவன்யா! ஆடி மாசம் உங்க ஸ்டேசனுக்கு வந்து வந்து போனான். நான் பார்த்தேன்! நீங்க ரெண்டு பேரும் என்னைப் பத்திப் பேசி சிரிச்சீங்க. தெருவுல எல்லாரும் பேசறாங்க. ராவுல கூரை மேல ஆள் நடக்கறாங்க..."

ராமதாஸ் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீயும் தின்கிறியா?"

தலை ஆடியது.

"அடப்பாவி! அவன் வந்தது தீமிதிக்குப் பந்தோபஸ்து கேட்க. 'எங்க மொதலாளிக்குத்தான் மொத மாலை சார், கூட்டத்துல அவரு மிதிபடாம பார்த்துக்குங்க'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னான். அதுக்குத்தான் சிரிச்சேன்."

மாரியப்பன் பெஞ்சில் சரிந்தான்.

ஏட்டு விலங்கை மாட்டினார். "சார், நெசமாவே முழுங்கியிருப்பீங்களா?"

"ஏன்யா, புட்டியில நான் மாத்தி வெச்ச சோடா மாத்திரையை முழுங்க என்ன பயம்? ஏப்பம்தான் வரும்! நீ ஸ்டேஷனுக்குப் போனதும் முதல்ல மலர்க்கொடியை வீட்டுக்கு அனுப்பு. குழந்தை காத்துக்கிட்டிருக்கும்."

வண்டியில் ஏறும்போது மாரியப்பன் ராமதாஸின் காதருகே குனிந்தான்.

"அய்யா... பெரிய மனசு பண்ணுங்க. பழைய மாமூலே குட்த்துடறேன்..."

ராமதாஸ் பதறிப்போய்ப் பின்வாங்கினார்.

"ஐயையோ, வேணாம்யா! நான் விட்டு வருஷமாச்சு. திடீர்னு பழைய அளவு உள்ளே போனா... என் உடம்பு தாங்காது!"