முதல் பக்கத்துக் குரல்

பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை. வந்த காரியம் தலைகுனிவானது. அதை முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தீர்மானித்து வந்திருந்தார்.

“என் வீட்டுல திருட்டு நடந்திருக்கு. எடுத்தது என் மாப்பிள்ளை. போலீசுக்குப் போனா நாலு பேர் வாயில விழணும். நீங்க நிரூபிச்சுக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

எதிரே இருந்தவர் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்புகளை விசாரித்து ஓய்வு பெற்றவர். இன்ஷூரன்ஸ்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அவரை ஒட்டி அவருடைய சகலை உட்கார்ந்திருந்தார். ரேடியோ கடை வைத்திருந்து மூடியவர். எந்த வழக்கு வந்தாலும் காபி ஆறுவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார். அது ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை.

“எவ்வளவு நகை?” என்றார் சகலை.

“நகை இல்லை. குரல்.”

பெரியவர் சொன்னார். பார்வையற்ற பிள்ளைகளுக்கு அவருடைய தகப்பனார் நிறுவிய பள்ளியில் தங்கைதான் சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியை. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே அவள் பதிவு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். பாடங்களை எல்லாம் படித்தாள். கதைகள் சொன்னாள். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தனியாக இரண்டு வார்த்தை பேசினாள். மாப்பிள்ளை பள்ளிக்கென்று ஓர் இணையதளம் எழுதி, அதை இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட்டில் ஏற்றி வைத்திருந்தார். அந்தப் பக்கத்திலேயே சிவப்புப் பட்டனை அமுக்கிப் பேசினால் போதும், பேச்சு அங்கேயே பதிவாகிவிடும்.

“ஆபரேஷன் முடிஞ்சு வந்து பாத்தா, ஒண்ணுகூட இல்லை. இப்ப அவ ஒரு பலகையில எழுதிக் காட்டறா. அந்தப் பிள்ளைங்களுக்கு அதைப் பாக்கக் கண் இல்லையே!”

இன்ஷூரன்ஸ்காரர் மெதுவாகக் கேட்டார். “மாப்பிள்ளைக்கு என்ன லாபம்?”

“மெஷினைப் பேச வைக்கிற கம்பெனி ஒண்ணு அவ குரலை விலைக்குக் கேட்டுது. யோசிக்கலாமேன்னார் மாப்பிள்ளை. எங்க வீட்டுப் பொண்ணு குரலைக் கடையில தொங்கவிட மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“கம்பெனிக்காரன்தான்!” சகலை தொடையில் தட்டினார். “நான் அப்பவே நெனச்சேன்.”

“எப்பவே? இப்பதானே சொன்னாரு?” இன்ஷூரன்ஸ்காரர் திரும்பாமலே கேட்டுவிட்டு, “பதிவுகளுக்கு நகல் இருக்கா?” என்றார்.

“கூடாதுன்னுட்டேன். பிள்ளைங்க போன்ல இறக்கிக்கவும் வழி வைக்கக் கூடாதுன்னேன். கண்ட எடத்துல கெடந்தா அதுக்கு என்ன மரியாதை?”

“நீங்க திருட்டுப் பட்டம் கட்டினப்போ அவர் என்ன சொன்னார்?”

“லேப்டாப்பைத் திறந்து பாத்தார். ‘முதல் பக்கம் எப்ப மாறிச்சு?’ன்னார். பேச்சை மாத்தாதீங்கன்னேன். என் பொண்ணை ஒரு பார்வை பாத்தார். அப்புறம், ‘என் தப்புதான் மாமா’ன்னார். அவர் வாயாலயே ஒத்துக்கிட்ட பிறகு வேற என்ன வேணும்? வெளிய போங்கன்னுட்டேன். இப்ப எவனோ சிநேகிதன் ரூம்ல இருக்கார்.”

“ஒத்துக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டிருக்காரே,” என்றார் இன்ஷூரன்ஸ்காரர். “அவரையும் பள்ளிக்கு வரச் சொல்லுங்க.”

பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் மதியம் பதிவு அறையில் கூடினார்கள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் பழைய மெத்தைகளைப் பிரித்து அடித்திருந்தார்கள். மைக்கின் பக்கத்தில் தங்கை குடித்து மீதி வைத்த தண்ணீர் டம்ளர் அப்படியே இருந்தது. அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. மகள் லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை கதவருகில், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாதவர்போல் நின்றார். பெரியவர் அவரைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

“பக்கத்தைத் திறம்மா,” என்றார் இன்ஷூரன்ஸ்காரர்.

திறந்ததும் அறையில் தங்கையின் குரல் எழுந்தது. “கல்விக் காவலர், கருணைக் கடல், பெருந்தகை, நிறுவனர் ஐயா அவர்களின் பள்ளி தங்களை அன்புடன் வரவேற்கிறது.”

அந்தப் பட்டங்களை வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும் என்று பெரியவர்தான் கூட நின்று சொல்ல வைத்தார்.

சகலை துள்ளி எழுந்தார். “திருடன் ஒண்ணை விட்டுட்டான் பாத்தீங்களா! அவசரத்துல மறந்திருக்கான்.”

“முதல் பக்கத்துல, திறந்த உடனே பேசறதை எந்தத் திருடன் மறப்பான்? உக்காருங்க சகலை.” இன்ஷூரன்ஸ்காரர் மகளிடம் திரும்பினார். “இதையும் அத்தை இந்தப் பக்கத்துல பட்டன் அமுக்கித்தான் பேசினாங்களா?”

“இல்லை சார். இது இவர் லேப்டாப்புலயே பதிவு பண்ணினது. முதல் பக்கத்து ஃபைல்களோட சேர்ந்தே மேல, கிளவுட்டுக்குப் போகும்.”

“எழுத்துல இருக்கற பாடங்கள், படங்கள்?”

“அதெல்லாம் லேப்டாப்புல இருக்கறதுதான். எதுவும் போகலை.”

“இதுக்கு முன்னாடி பதிவு எப்பவாவது காணாமப் போயிருக்கா?”

மகள் யோசித்தாள். “ஆரம்பத்துல பசங்க வெளையாட்டா ஏதோ பேசி வச்சிருந்தாங்க. பக்கத்தோட கலரை மாத்தின பிறகு பாத்தா அது இல்லை. நான்தான் தெரியாம அழிச்சிருப்பேன்னு இவர் சிரிச்சாரு. யாரும் பெருசா எடுத்துக்கலை.”

“இப்ப சொல்லுங்க பெரியவரே. முதல் பக்கம் எப்ப மாறிச்சு?”

அது ஒரு கேள்வியா என்பதுபோல் பெரியவர் நிமிர்ந்தார். “தங்கைக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு. பள்ளியைப் பாக்கப் பெரிய மனுஷங்க வர்றதா இருந்தாங்க. அப்பா படம் ஒரு மூலையில தபால்தலை மாதிரி கெடந்துது. பெருசாக்கி நடுவுல போடச் சொன்னேன். அத்தை வீடு திரும்பட்டும், அப்புறம் செய்யறேன்னார் மாப்பிள்ளை. ஆஸ்பத்திரியை விட்டு நகரலை. அவர் இல்லாட்டி ஆகாதா? லேப்டாப் வீட்டுலதான் இருந்துது. என் பொண்ணைச் செய்யச் சொன்னேன். செஞ்சா.”

மகளின் கை விசைப்பலகையிலிருந்து தானாக விலகியது.

“சகலை, மைக்கில ஏதாவது பேசுங்க.”

“என்ன பேச?”

“உங்களுக்கா பேச்சுக்குப் பஞ்சம்?”

சகலை கனைத்துக்கொண்டு, “ஹலோ, ஹலோ, நான் சகலை பேசறேன்,” என்றார். பட்டியலில் ஒரு வரி வந்து நின்றது. பக்கத்தை மூடித் திறந்தார்கள், இருந்தது. இன்ஷூரன்ஸ்காரர் தம் போனிலும் திறந்தார். அங்கும் சகலை ஹலோ சொன்னார்.

“இப்ப நிறுவனர் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, அன்னிக்கு மாதிரியே மேல அனுப்பும்மா.”

அவள் அசையவில்லை. மாப்பிள்ளை கதவிலிருந்து, “வேணாம் சார்,” என்றார். குரல் கெஞ்சியது. “விட்டுடுங்க.”

“செய்,” என்றார் பெரியவர்.

அவள் அமுக்கினாள். திரையில் எழுத்துகள் வரிவரியாக ஓடி நின்றன. பக்கத்தை மறுபடி திறந்தாள். தகப்பனாரின் படம் சிறுத்திருந்தது. வரவேற்புக் குரல் ஒலித்தது. கீழே பட்டியல் இருந்த இடத்தில், ‘பதிவுகள் ஏதும் இல்லை’ என்று இருந்தது.

சகலை தம் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“கிளவுட்ல நமக்குக் குடுக்கறது வாடகை மெஷின்,” என்றார் இன்ஷூரன்ஸ்காரர். “நாம ஒரு எழுத்தை மாத்தி அனுப்பினாலும் பழசைத் தூக்கிப் போட்டுட்டு, நாம அனுப்பின ஃபைல்களை வச்சுப் புதுசா ஒண்ணைக் கட்டித் தருவாங்க. லேப்டாப்புலேர்ந்து போனது மறுபடி வந்துடும். அங்கேயே பொறந்தது பழைய மெஷினோட போயிடும். அதைத் தனியா பத்திரமான எடத்துல சேர்த்து வச்சிருக்கணும். வரவேற்பு தப்பிச்சதும் பதிவுகள் போனதும் அதனாலதான். இங்க யாரும் திருடலை பெரியவரே.”

பெரியவர் முதல் முறையாக மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். இளைத்துப் போயிருந்தது. “தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

“பதிவை அந்த மெஷின்லயே வச்சது நான் மாமா. என் லேப்டாப்புல ஓட்டிப் பாத்தப்போ ஒரு தடவைகூட அழியலை. மேலயும் அப்படித்தான்னு இருந்துட்டேன். அது என் தப்புதானே?” அவர் மனைவியைப் பார்த்தார். “யார் கையால போச்சுன்னு தெரிஞ்சா இவ எப்படி அத்தை முகத்துல முழிப்பா? திருடன்னே இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன்.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“திரும்பக் கிடைக்காதா?” பெரியவரின் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

“கேட்டுட்டேன் மாமா. பழைய மெஷினை அவங்க வச்சுக்கறதில்லையாம்.”

நகல் ஒன்று இருந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாதது பெரியவருக்குக் கேட்டது.

அப்போது தாழ்வாரத்தில் யாரோ ஓடிவரும் சத்தம். கழுத்தில் சுற்றிய துணியோடு தங்கை மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள். பாதித் திறந்த கதவு வழியே தன் குரலைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். சிறிய பலகையில் கோணல்மாணலாக எழுதி உயர்த்திப் பிடித்தாள். அவள் கண்கள் சிரித்தன.

‘கெடச்சிடுச்சா அண்ணா?’

மகள் எழுந்தாள். “அத்தை, நான்தான்...”

“நீ உக்காரு.” பெரியவர் அவளை மறித்து முன்னே வந்தார். “கெடைக்கலம்மா. மாப்பிள்ளை எடுக்கலை. அப்பா படத்தைப் பெருசா வைக்கணும்னு நான் பிடிவாதம் பிடிச்சேன். அதுல எல்லாம் போயிடுச்சு. நான்தான் அழிச்சேன்.”

தங்கை லேப்டாப்பின் அருகே போய், வரவேற்பை மறுபடி ஒலிக்கவிட்டாள். கல்விக் காவலர், கருணைக் கடல், பெருந்தகை. தலையைச் சாய்த்து, யாரோ ஒருத்தி பேசுவதைக் கேட்பதுபோல் முடியும்வரை கேட்டாள். பலகையைத் துடைத்து எழுதினாள்.

‘பசங்க பேர் ஒண்ணுகூட இல்லையா?’

மெத்தை அடித்த சுவரில் பெரியவரின் முதுகு மெல்லச் சாய்ந்தது.