கேட்டுப் பெற்ற ஒரு மணி நேரம்

பேரூராட்சி அலுவலகம், காலை 11.10. திரையில் தென்னரசு இல்லை.

அன்புச்செல்வி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். பேருந்து நிலைய வாசல், டீக்கடை, வரிசையாக ஆட்டோக்கள். திரையின் மூலையில் பதிவான தேதியும் நேரமும் ஓடிக்கொண்டிருந்தன. புதன்கிழமை, அவள் புருஷன் மின்சாரம் தாக்கிச் செத்த அதே காலை. ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை, அவள் கேட்டு வாங்கிய ஒரு மணி நேரம். அதில் அவன் மட்டும் காணாமல் போயிருந்தான்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிற ஒரு பேரூராட்சி அது. தென்னரசு அங்கே தெருவிளக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒப்பந்தக் கூலி. நிலையத்தின் பின்பக்கக் கம்பத்தில் ஏறினான். லைனை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. 'ஒருவரும் அனுப்பவில்லை, தானாக ஏறினார்' என்று அலுவலகம் சொல்லிவிட்டது. "ஜெகதீசன் சார் பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிக்கச் சொல்லிக்கீறாரு" என்று அவன் சொல்லிவிட்டுப் போனது அவள் காதில் மட்டும்தான் இருந்தது.

அதனால்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாசல் கேமராவின் பதிவைக் கேட்டாள். எதற்காகக் கேட்கிறாய் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது சட்டம். அது நல்லதாய்ப் போயிற்று. அவன் நடந்து வருவதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்பதை எந்த மனுவில் எழுதுவது?

"ஆளே இல்லியேம்மா" என்றார் தகவல் அலுவலர் சீனுவாசன், வருத்தமாக. "பின்பக்கமா வந்திருப்பாரு."

வழக்கை விசாரிக்கும் சப்-இன்ஸ்பெக்டர் கலைப்பிரியா சுவரோரம் நின்றிருந்தாள். திண்டிவனத்திலிருந்து வந்திருந்தாள். "கேமரா ரூம் சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதாங்க மேடம்" என்றான் கேமரா பார்க்கும் மணிமாறன்.

"எப்பவுமா?"

"அந்த வியாழக்கிழமை ஒருநாள்தான் என்கிட்ட இல்ல. முகையூர்ல அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. ஜெகதீசன் சார்ட்ட கொடுத்துட்டுப் போனேன்."

தெருவிளக்கு மேற்பார்வையாளர் ஜெகதீசன் சிரித்தார். "வாங்கி வச்சிருந்தேங்க. இல்லேங்கல. சாவு புதன்கிழமை. அன்னைக்கு நான் அனந்தபுரத்துக்கு லைட்டு சாமான் பார்க்கப் போயிட்டேன். மறுநாள் சாவி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

பதில் சரியாகத்தான் இருந்தது; புதன்கிழமைப் பதிவு ஒரு நிமிடம்கூட அறுபடாமல் ஓடியிருந்தது. கலைப்பிரியா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

11.35. "இன்னொரு வாட்டி போடுங்க சார்" என்றாள் அன்புச்செல்வி.

மறுபடி அதே வாசல். திடீரென்று எழுந்து திரைக்கு அருகே போனாள். "அவர் இருக்காருங்க."

"எங்கம்மா?"

"தோ, டீக்கடைகிட்ட. தலையைச் சாய்ச்சிக்கினு."

அங்கே சுவரைத் தவிர ஒன்றுமில்லை. சீனுவாசன் குரலைத் தாழ்த்தினார். "ஏக்கத்துல அப்படித்தான் தெரியும்மா."

கலைப்பிரியா பதிவை நிறுத்தினாள். சுவரைப் பெரிதாக்கினாள். மங்கலான வெள்ளைத் தாள் ஒன்று. அதன் நடுவில் தென்னரசின் முகம், ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. மேலே கொட்டை எழுத்து: கண்ணீர் அஞ்சலி.

"இந்த போஸ்டரை யார் ஒட்டினது?"

"ஆட்டோ ஸ்டாண்டு ஆளுங்க" என்றாள் அன்புச்செல்வி. "செத்த மறுநாள் விடியக்காலைல. அன்னைக்கு ராத்திரி மழைல எல்லாம் ஊறி விழுந்துடுச்சி. நான் ஒண்ணுகூடப் பார்க்கல."

கலைப்பிரியா திரும்பினாள். "சாகறதுக்கு முன்னாடியே ஒருத்தருக்கு அஞ்சலி போஸ்டர் ஒட்ட முடியாது. இது புதன்கிழமை இல்ல. அந்தத் தாள் சுவத்துல இருந்தது ஒரே ஒரு பகல், வியாழக்கிழமை. அன்னைக்கு கேமரா மிஷின் கடிகாரத்தை ஒருநாள் பின்னால தள்ளி வச்சி இந்த ஒரு மணி நேரத்தைப் பதிஞ்சிருக்காங்க. நிஜமானதை அழிச்சிருக்காங்க. அன்னைக்கு சாவி உங்ககிட்ட இருந்துச்சி, ஜெகதீசன். நீங்களே சொன்னீங்க."

ஜெகதீசனின் சிரிப்பு அடங்கியது. "கூட்டம் போறதும் வர்றதும்தான் பார்த்தேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "சுவத்தைப் பார்க்கல."

"லைனை நிறுத்தச் சொல்லி ஈ.பி.க்கு ஏன் போன் பண்ணல?" என்றாள் கலைப்பிரியா.

"அஞ்சு நிமிஷ வேலைதான்னு..."

அன்புச்செல்வி அவரைப் பார்க்கவில்லை. திரையில் நின்றுபோயிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழித்ததை ஆய்வகம் மீட்டெடுக்கக் கார்த்திகை வரை ஆயிற்று. திண்டிவனம் காவல் நிலையத்தில் கலைப்பிரியா கதவைச் சாத்திவிட்டு அவளை உட்கார வைத்தாள்.

"வாசல் வரைக்கும்தான் இருக்கு. கம்பம் இதுல தெரியாது. போடட்டுமா?"

அன்புச்செல்வி தலையசைத்தாள்.

திரையில் 9.48. ஆட்டோக்களுக்கு நடுவிலிருந்து தென்னரசு வந்தான். இடது காலை லேசாக இழுத்து, அவசரமில்லாமல். ஓர் ஆட்டோவின் கண்ணாடிமுன் குனிந்து, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, வகிடு பார்த்துப் பார்த்துச் சீவினான். வீட்டில் சீப்பைத் தொடாத மனுஷன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

9.55. ஜெகதீசன் வந்தார். பின்பக்கம் கையைக் காட்டினார். தென்னரசு ஏதோ கேட்டான். அவர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். சுவரோரம் கிடந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தான். வாசல் காலியாயிற்று.

"கோர்ட்டுக்கு இது போதும்மா" என்றாள் கலைப்பிரியா. "கேட்டது நீங்க. ஒரு காப்பி உங்களுது."

"சரிங்க மேடம்." அன்புச்செல்வி நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். "அந்தச் சீப்பு எடுக்கிற இடத்திலேர்ந்து போடுங்க. அந்தாளு வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க."