கண்ணாடிக்கு உள்பக்கம்

முப்பது வருடமாக என் ஸ்டுடியோவில் நான் எடுத்தது பெரும்பாலும் பாஸ்போர்ட் படங்கள்தான். பட்டனை அழுத்தி அழுத்தி ஆள்காட்டி விரல் வளைந்தே போயிருந்தது. மனமும் மரத்துவிட்டது.

"இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உட்காராதீங்க. காலைல நாலு தெரு நடந்துட்டு வாங்க. அந்தக் கேமராவுக்கும் காத்து படட்டும்" என்று மனைவி துரத்திவிட்டாள்.

பின்தெருவைப் புதுக் குடியிருப்புக்காக இடித்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் நின்ற மாடிப்படி, சுவரில் மிஞ்சிய நீலச் சாயம், அதன்மேல் இளவெயில். பத்தே நாளில் எனக்குப் புதுக் கண் முளைத்ததுபோல் இருந்தது.

எடுத்ததில் சிறந்தது கடைசி வீட்டின் ஜன்னல். அன்று உள்ளிருந்து டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. இடிக்கிறார்கள் என்று நினைத்தேன். வெளிச்சம் நழுவுவதற்குள் படமெடுத்துவிட்டு நடந்தேன். கண்ணாடியில் பனிபோல் ஒரு வெளுப்பு. படத்துக்கு அதுதான் அழகு. பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டமிட்டு ஸ்டுடியோவில் மாட்டினேன்.

ஒரு வாரம் கழித்து, பால் பாக்கெட் கொடுக்க வந்த பெண் அதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அண்ணே, இது அந்தம்மா வீடுதானே? பாவம், தனியா இருந்தாங்க. கதவு இறுகிக்கிச்சாம். மூணு நாள் தட்டியிருக்காங்க. இடிக்கிற சத்தம்னு நாம எல்லாரும் போயிட்டோம். செத்த பிறகுதான் தெரிஞ்சுது."

மறுபடி படத்தைப் பார்த்தேன்.

அது வெளுப்பு அல்ல. உள்ளங்கை.

மறுநாள் விடிந்ததும் அங்கே போனேன். மன்னிப்புக் கேட்க, வேறெதற்கும் இல்லை. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே புழுக்கம், அணைந்த திரியின் வாசனை.

"அம்மா..." என்றேன்.

பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

இழுத்தேன். அசையவில்லை. ஜன்னலுக்குக் கம்பி. தெருமுனையில் இடிக்கும் இயந்திரம் உறுமியது. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. கம்பிக்கு இடையே கைவிட்டுக் கண்ணாடியைத் தட்டினேன்.

வெளியே ஒருவர் வந்து நின்றார். கழுத்தில் கேமரா.

என் சாம்பல் நிறச் சட்டை.

என் முகம்.

"ஐயா!" என்று கத்தினேன்.

அவர் தலையைச் சாய்த்து வெளிச்சத்தைப் பார்த்தார். ஒரே ஒரு படம் எடுத்தார். போய்விட்டார்.

தட்டிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது.

"உள்ள யாரு?"

பால்காரப் பெண்ணின் குரல். தோளால் மோதினாள், கதவு திறந்தது. "சத்தம் கேட்டுச்சுண்ணே. இந்தத் தடவையும் சும்மா போக மனசு வரல."

'உள்ள யாரு?' என்ற அந்த இரண்டு வார்த்தையாகத்தான் ஆண்டவன் அன்று வந்தான் என்று நம்புகிறேன். இப்போதெல்லாம் மூடிய கதவுக்குள் சின்னச் சத்தம் கேட்டாலும் நின்று விசாரிக்கிறேன்.

அந்த வீடு அன்றைக்கே தரைமட்டமானது. படத்தைக் கழற்ற மட்டும் எனக்கு மனம் வரவில்லை. தினமும் சட்டத்தைத் துடைத்து வைக்கிறேன்.

இன்று காலை துடைத்தும் போகாத தடம் ஒன்று இருந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம், அந்தம்மாவின் கைக்குப் பக்கத்தில், இன்னொரு கை.

அதன் ஆள்காட்டி விரல் வளைந்திருந்தது.